டிரிபிள்-ஏ என்றால் எந்த டிரிபிள்-ஏ? சிறுவர் பேஸ்பால் லீக்குகளின் நிலைகள்

நெல்லைச்சீமை (நியூஜெர்சி)

எல்லோருக்கும் வணக்கம். மகனுக்கு வரும் ஜனவரியில் பத்து வயது நிறைகிறது. மூன்று வருடமாக எங்கள் ஊர் லிட்டில் லீகில் (சிறுவர் பேஸ்பால் அமைப்பு) ஆடுகிறான். போன வசந்தத்தில் டிரிபிள்-ஏ பிரிவு. நன்றாகவே அடித்தான், நான்கைந்து ஆட்டங்களில் பந்தும் வீசினான். அலுவலக நண்பர் ஒருவரின் மகனுக்கும் அதே வயது. அவனும் டிரிபிள்-ஏ, ஆனால் ஒரு கிளப்பின் டிராவல் அணியில், அதாவது வெளியூர்ப் போட்டிகளுக்குப் போகும் அணியில் ஆடுகிறான். ஒருநாள் பயிற்சிக்கு அழைத்து வாருங்கள் என்றார்; போனோம்.

எட்டுப் பந்து வீசினார்கள். ஒன்றில்கூட என் மகனின் மட்டை படவில்லை. திரும்பும்போது காரில் வாயே திறக்கவில்லை. வீட்டு வாசலில் இறங்கியதும், “அப்பா, நானும் டிரிபிள்-ஏ தானே?” என்று கேட்டான். என்னிடம் பதில் இல்லை.

பாளையங்கோட்டைத் தெருக்களில் டென்னிஸ் பந்து கிரிக்கெட் ஆடி வளர்ந்தவன் நான். பேஸ்பால் எனக்குப் புதிது. எங்கள் ஊர் லீக் அவ்வளவு மட்டமா? இத்தனை நாள் அவனைத் தவறான இடத்தில் வைத்திருந்தேனா? அடுத்த மாதம் அந்தக் கிளப்பில் ட்ரைஅவுட் (அணிக்கு ஆள் தேர்வு). அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

மதுரைக்காரன் (டெக்சாஸ்)

அண்ணா, முதலில் மகனிடம் சொல்லுங்கள்: இரண்டும் வேறு வேறு ஏணி. எழுத்து மட்டும்தான் ஒன்று.

ஊர் லீகில் சிங்கிள்-ஏ, டபுள்-ஏ, டிரிபிள்-ஏ, மேஜர்ஸ் என்பவை பெரும்பாலும் வயதை ஒட்டிய படிகள். தொழில்முறை பேஸ்பாலின் மைனர் லீக் பெயர்களை எடுத்து வைத்துக்கொண்டார்கள். கீழே கோச்சோ இயந்திரமோ பந்து போடும்; மேலே வர வர சிறுவர்களே வீசுவார்கள். டிரிபிள்-ஏ என்றால் அடுத்து மேஜர்ஸ். மேஜர்ஸ் என்றால் பன்னிரண்டு வயது வரை. பதிவுக் கட்டணம் கட்டிய எந்தப் பிள்ளையும் இந்த ஏணியில் ஏறலாம்.

டிராவல் அணிகளில் முதலில் வயது: 9-யூ, 10-யூ என்று, அதாவது ஒன்பது வயது வரை, பத்து வயது வரை. அந்த வயதுக்குள்தான் டபுள்-ஏ, டிரிபிள்-ஏ, மேஜர் என்று பலத்தைப் பிரிப்பார்கள். யு.எஸ்.எஸ்.எஸ்.ஏ. என்ற அமைப்பு நடத்தும் போட்டிகளில் இந்த முறைதான். 10-யூ டிரிபிள்-ஏ என்றால் ட்ரைஅவுட் வைத்துப் பொறுக்கியெடுத்த பத்துப் பன்னிரண்டு பையன்கள், வருடத்தில் பெரும்பகுதி சேர்ந்தே ஆடுகிறவர்கள். உங்கள் மகன் போய் நின்றது அவர்கள் முன்னால். எட்டுப் பந்தைத் தவறவிட்டதில் அதிசயம் ஒன்றும் இல்லை.

இன்னொன்று. டிராவல் அணியின் வகுப்பை வெளியார் யாரும் தேர்வு வைத்துக் கொடுப்பதில்லை. அணி தானே தேர்ந்து பதிந்துகொள்ளும். தொடர்ந்து வென்றால் நடத்துகிற அமைப்பு மேலே தள்ளும். டிரிபிள்-ஏ பலமுள்ள அணி கோப்பைக்காக டபுள்-ஏவில் உட்கார்ந்திருப்பதையும் பார்த்திருக்கிறேன், கோச்சின் ஆசைக்காகத் தகுதிக்கு மேலே பதிந்து வாரா வாரம் அடிவாங்கும் அணியையும் பார்த்திருக்கிறேன். எழுத்தை நம்பாதீர்கள், இரண்டு ஆட்டம் உட்கார்ந்து பாருங்கள்.

மாம்பலம் லெக்ஸ்பின் (ஒஹாயோ)

அப்படியானால் சென்னை கிரிக்கெட் லீகின் முதல் டிவிஷன், இரண்டாம் டிவிஷன் மாதிரியா?

மதுரைக்காரன் (டெக்சாஸ்)

டிராவல் வகுப்புகள் ஓரளவு அப்படி. ஆனால் சென்னை லீகில் திறமையுள்ள பதினைந்து வயதுப் பையன் முப்பது வயதுக்காரர்களோடு மூன்றாம் டிவிஷனில் ஆடுவான். இங்கே அந்தக் கதவு கிடையாது. வயதுதான் முதல் வேலி, பலம் அதற்குள்ளே.

உமா (ஃப்ரீமான்ட்)

நெல்லைச்சீமை அண்ணாவுக்கு வணக்கம். நிலை என்றால் யார் கெட்டி, யார் சுமார் என்பது மட்டும் இல்லை. விதியும் மைதானமும் மாறும்போது ஆட்டமே வேறாகிவிடும். எங்கள் பக்கம் போனி லீக் அதிகம். 1951-இல் பென்சில்வேனியாவின் வாஷிங்டன் என்னும் ஊரில் தொடங்கியது. பிரிவுகளுக்கெல்லாம் குதிரைப் பெயர்கள்: ஷெட்லாண்ட், பிண்டோ, மஸ்டாங், பிராங்கோ என்று போகும். மஸ்டாங் பத்து வயது வரை, பிராங்கோ பன்னிரண்டு வரை.

லிட்டில் லீக் மேஜர்ஸில் பேஸ்களுக்கு (ரன்னர் ஓடித் தொடும் இடங்கள்) இடையே 60 அடி. பிட்சரிடமிருந்து (பந்து வீசுபவர்) ஹோம் பிளேட்டுக்கு (மட்டைக்காரர் நிற்கும் இடம்) 46 அடி. போனியின் பிராங்கோவில் அதே வயதுப் பிள்ளைகளுக்கு 70 அடியும் 50 அடியும். பதினான்கு வயது வரையிலான போனி பிரிவில் 80-ம் 54-ம். கடைசியில் பெரியவர்களின் 90 அடி, 60 அடி 6 அங்குலம். போனியில் தூரம் ஏறிக்கொண்டே போகும். லிட்டில் லீகில் மேஜர்ஸ் முடித்து நேரே ஜூனியர் பிரிவுக்குப் போகும் பையன் 60 அடியிலிருந்து 90 அடிக்குத் தாவ வேண்டும். அந்த வருடத்தில் ஆட்டத்தை விட்டுவிடும் பிள்ளைகளை நிறையப் பார்க்கிறேன். நடுவில் 50/70 என்ற பிரிவை லிட்டில் லீகும் வைத்திருக்கிறது, ஆனால் எல்லா ஊரிலும் நடத்துவதில்லை.

தூரத்தைவிடப் பெரிய மாற்றம் லீட் எடுப்பது, அதாவது பந்து வீசுமுன்பே ரன்னர் பேஸைவிட்டுச் சில அடி தள்ளி நிற்பது. லிட்டில் லீக் மேஜர்ஸ் வரை, பந்து அடிப்பவரைச் சேரும்வரை ரன்னர் பேஸை விட்டு நகரக் கூடாது. போனியில் மஸ்டாங்கிலேயே லீட் எடுக்கலாம். என் மகன் லிட்டில் லீகிலிருந்து மாறிய முதல் ஆட்டத்தில், முதல் பேஸில் நான்கடி தள்ளி நின்றான். பிட்சர் இடது கைக்காரன். கால் எந்தப் பக்கம் போகிறது என்று இவன் பார்க்கவே இல்லை. சட்டென்று திரும்பிப் போட்டான், அவுட். இரண்டு இன்னிங்ஸ் கழித்து மறுபடியும் அப்படியே அவுட். இரவு சாப்பிடும்போது தரையில் இருந்த இரண்டு பாய்களைப் பேஸாக்கி, தம்பியைப் பிட்சராக்கிப் பழகிக்கொண்டிருந்தான். இரண்டு வாரத்தில் கற்றுக்கொண்டான். ஊர் லீகில் அது அவனுக்குத் தேவைப்படவே இல்லை, அதனால் தெரியவில்லை. அவ்வளவுதான்.

உங்கள் மகனும் அந்த வேகத்தை இதுவரை பார்த்ததில்லை. பார்க்காததைத் தெரியாததாக எண்ணிக் கவலைப்படாதீர்கள்.

பிளேட் நடுவர் (பென்சில்வேனியா)

பதினோரு வருடமாகச் சம்பளமில்லாமல் நடுவராக நிற்கிறேன். உமா அம்மா சொன்னதோடு சிலவற்றைச் சேர்க்கிறேன்.

லிட்டில் லீக் பிறந்தது எங்கள் மாநிலத்தில். 1939-இல் வில்லியம்ஸ்போர்ட்டில் கார்ல் ஸ்டாட்ஸ் என்பவர் அக்கம்பக்கத்துப் பையன்களுக்காகத் தொடங்கினார். அக்கம்பக்கம் என்பதுதான் இன்றும் அதன் உயிர். உங்கள் வீடோ பள்ளியோ லீகின் எல்லைக்குள் இருக்க வேண்டும். வந்த பிள்ளை எல்லோரும் ஆட வேண்டும்: வழக்கமாக ஒவ்வொரு பிள்ளைக்கும் ஆறு அவுட் விழும்வரை களத்தில் இடம், ஒரு முறையாவது மட்டை. மைனர் பிரிவுகளில் ஒரு பக்கம் ஐந்து ரன் எடுத்தால் ஆட்டம் மறுபக்கம் மாறிவிடும். ஒரே அணி அரைமணி நேரம் அடித்துக்கொண்டே நிற்கக் கூடாது என்பதற்காக. இந்த விதிகளால் தரம் குறைகிறது என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஒன்பது வயதில் மட்டை பிடிக்காத பிள்ளை பதிமூன்று வயதில் எப்படிப் பிடிக்கும்?

ஆகஸ்டில் தொலைக்காட்சியில் பார்க்கும் லிட்டில் லீக் உலகத் தொடரை வைத்து உங்கள் ஊரை அளக்காதீர்கள். அங்கே ஆடுபவை சீசன் முடிந்ததும் லீகின் சிறந்த பிள்ளைகளைத் திரட்டி அமைத்த ஆல்-ஸ்டார் அணிகள். மாவட்டம், மாநிலம், மண்டலம் என்று வென்று வந்தவை. வயது ஒன்றே அங்கே எவ்வளவு பெரிய பலம் என்பதற்கு 2001 சாட்சி. நியூயார்க்கின் பிராங்க்ஸ் அணியின் பிட்சர் ஒரு பெர்ஃபெக்ட் கேம் வீசினான், அதாவது எதிரணியில் ஒருவர்கூட பேஸை எட்டவில்லை. பன்னிரண்டு வயது என்றார்கள். பதினான்கு என்று பிறகு தெரிந்தது. அந்த அணியின் வெற்றிகள் எல்லாம் பதிவிலிருந்து நீக்கப்பட்டன. பொய் சொன்னவர்கள் பெரியவர்கள், தலைகுனிந்து நின்றவன் பையன். அவன்மீது எனக்கு இன்றும் கோபம் வரவில்லை.

தாரணி (வட கரோலினா)

சார், ஒரு கேள்வி. மகளுக்கு எட்டு வயது. சாஃப்ட்பால் வேண்டாம், பேஸ்பால்தான் என்கிறாள். சேர்த்துக்கொள்வார்களா? ஏன் இத்தனை லீக்குகள் என்பதும் எனக்குப் புரியவில்லை. எங்கள் பக்கம் டிக்சி யூத் என்று வேறொன்றும் இருக்கிறது.

பிளேட் நடுவர் (பென்சில்வேனியா)

தாராளமாகச் சேர்த்துக்கொள்வார்கள் அம்மா. 1972-இல் ஹோபோக்கனில் மரியா பெப்பே என்ற சிறுமி மூன்று ஆட்டம் ஆடியதும் நிறுத்தப்பட்டாள். வழக்கு நடந்தது, 1974 முதல் பெண் பிள்ளைகளுக்கும் லிட்டில் லீகில் இடம் உண்டு. 2014 உலகத் தொடரில் ஃபிலடெல்பியா அணிக்காக மோனே டேவிஸ் எதிரணியை ஒரு ரன்கூட எடுக்கவிடாமல் வீசி வென்றாள். அந்தத் தொடரில் அப்படிச் செய்த முதல் பெண் அவள்தான்.

டிக்சியின் பிறப்பு வலி நிறைந்த கதை. 1955-இல் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனில் கேனன் தெரு ஒய்.எம்.சி.ஏ. அணி மாநிலப் போட்டிக்குப் பதிந்தது. எல்லோரும் கறுப்பினச் சிறுவர்கள், பதினொன்று பன்னிரண்டு வயது. அவர்களோடு ஆட மாட்டோம் என்று வெள்ளையர் லீக்குகள் அத்தனையும் விலகிக்கொண்டன. எதிரணி இல்லாததால் வெற்றி இவர்களுக்கு. ஆனால் களத்தில் ஆடி வென்றால்தான் மேலே போகலாம் என்ற விதியைக் காட்டி உலகத் தொடரில் ஆட விடவில்லை. விருந்தாளிகளாக வில்லியம்ஸ்போர்ட்டுக்கு அழைத்தார்கள். கொஞ்ச நேரம் மைதானத்தில் பந்து தூக்கிப் போட்டுப் பழகிவிட்டு, சீருடையோடு பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். கூட்டம் “அவர்களை ஆட விடுங்கள்” என்று குரல் கொடுத்தது. விலகிப்போன லீக்குகள் தனியே கூடி அமைத்ததுதான் பிற்பாடு டிக்சி யூத் ஆனது. இன்று அது எல்லாப் பிள்ளைகளும் ஆடும் லீக். உங்கள் மகளை அங்கே சேர்ப்பதற்குத் தயங்க வேண்டாம். கேட்டதால் சொன்னேன்.

மதுரைக்காரன் (டெக்சாஸ்)

நடுவர் ஐயா சொன்னது மனதைத் தொட்டது. ஆனால் ஊர் லீக் போதும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. பத்து வயதுக்குப் பிறகு நன்றாக ஆடும் பிள்ளைகள் ஒவ்வொருவராக டிராவலுக்குப் போய்விடுகிறார்கள். மிச்சமிருப்பவர்களில் ஸ்டிரைக் (அடிக்கத்தக்க இடத்தில் வரும் பந்து) வீசத் தெரிந்தவர்கள் இரண்டு பேர். ஒரு இன்னிங்ஸில் ஆறு பேர் வாக் ஆகிறார்கள், அதாவது பந்து சரியாக வராததால் அடிக்காமலே முதல் பேஸுக்குப் போகிறார்கள். அடிக்க ஆசைப்படும் பையன் என்ன கற்றுக்கொள்வான்?

பிட்சர் குமார் ராக்கரைப் பாருங்கள். தாய்வழித் தாத்தா பாட்டி இந்தியாவிலிருந்து வந்தவர்கள். ஜார்ஜியாவில் வளர்ந்தவர். 2019-இல் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்துக்காக டியூக் அணியை ஒரு ஹிட்கூட அடிக்கவிடாமல் 19 பேரை ஸ்டிரைக் அவுட் செய்தார். 2022-இல் தொழில்முறை மேஜர் லீக் அணிகள் புது ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் இவரை மூன்றாவது ஆளாகத் தேர்ந்தெடுத்தது. நம் பிள்ளைகளும் அந்த உயரத்துக்கு ஏன் ஆசைப்படக் கூடாது?

கவிதா பிசியோ (அட்லாண்டா)

ஆசைப்படட்டும் தம்பி. அதே ராக்கருக்கு 2023-இல் முழங்கைத் தசைநார் அறுவை நடந்தது. மீண்டு வந்து 2024 செப்டம்பரில் மேஜர் லீகில் வீசினார். அவர் வளர்ந்த மனிதர், அவருக்குப் பின்னால் ஒரு மருத்துவப் படையே இருக்கிறது. என் மேசைக்கு வருவது பதிமூன்று வயதுப் பையன்கள். எலும்பின் வளர்ச்சித் தட்டு இன்னும் மூடியிருக்காது. முழங்கையின் உட்பக்கத்தை விரலால் தொட்டாலே முகம் சுளிப்பார்கள். “எப்போதிலிருந்து வலிக்கிறது?” என்று கேட்டால் பையன் அப்பாவைப் பார்ப்பான்.

லிட்டில் லீக் 2007 முதல் வீசிய பந்துகளை எண்ணுகிறது. ஒரு நாளில் எட்டு வயது வரை 50, ஒன்பது பத்துக்கு 75, பதினொன்று பன்னிரண்டுக்கு 85. பதினான்கு வயது வரை, 66-ஓ அதற்கு மேலோ வீசினால் நான்கு நாள் ஓய்வு. 51 முதல் 65 வரை மூன்று நாள். 36 முதல் 50 வரை இரண்டு. 21 முதல் 35 வரை ஒன்று. 41 பந்தோ அதற்கு மேலோ வீசியவன் அன்று கேட்சராக நிற்கக் கூடாது, ஏனென்றால் கேட்சரும் ஒவ்வொரு பந்தையும் திருப்பி எறிகிறான்.

விதி நல்ல விதிதான். ஓட்டை எங்கே தெரியுமா? ஊர் லீக் தன் ஆட்டத்தில் வீசியதை மட்டும்தான் எண்ணும். புதன்கிழமை ஊருக்காக அறுபது பந்து. சனி ஞாயிறு டிராவல் போட்டியில் வேறு கோச், வேறு விதி, வேறு கணக்கு. இரண்டையும் கூட்டிப் பார்க்க ஒருவரும் இல்லை, அம்மா அப்பாவைத் தவிர. பர்மிங்ஹாமில் உள்ள அமெரிக்க விளையாட்டு மருத்துவ நிறுவனம் இளம் பிட்சர்களைப் பத்து வருடம் தொடர்ந்து கவனித்தது: வருடத்தில் 100 இன்னிங்ஸுக்கு மேல் வீசியவர்களுக்குக் கடும் காயம் வரும் வாய்ப்பு மூன்றரை மடங்கு.

நெல்லைச்சீமை, மகனின் பையில் ஒரு சின்ன நோட்டு வையுங்கள். தேதி, எந்த அணி, எத்தனை பந்து. இரண்டு கோச்சிடமும் அதைக் காட்டுங்கள். காட்டும்போது முகம் சுளிக்கும் கோச்சிடம் பிள்ளையை விடாதீர்கள். எந்த எழுத்து வகுப்பாக இருந்தாலும் சரி.

மதுரைக்காரன் (டெக்சாஸ்)

அக்கா, நோட்டு யோசனையை ஒப்புக்கொள்கிறேன். என் மகனுக்கு இன்றே தொடங்குகிறேன்.

மாலதி (நியூஜெர்சி)

நான் சொல்லப் போவது எங்கள் வீட்டில் நடந்தது. கிளப்பின் பெயர் வேண்டாம்.

மகன் பதினோரு வயதில் ஒரு 11-யூ மேஜர் அணிக்குத் தேர்வானான். அன்று வீட்டில் பாயசம் வைத்தேன். முதல் போட்டிக்கு மூன்று மணி நேரம் கார் ஓட்டிப் போனோம், ஹோட்டலில் இரண்டு இரவு. நான்கு ஆட்டம். அவன் மட்டை பிடித்தது ஐந்து முறை. இரண்டு ஆட்டத்தில் கடைசி இன்னிங்ஸில் வலது அவுட்ஃபீல்டில் நிறுத்தினார்கள்; பந்து ஒருமுறைகூட அந்தப் பக்கம் வரவில்லை. மற்ற நேரம் டக்அவுட்டில் (ஆடாதவர்கள் உட்காரும் இடம்) தண்ணீர் பாட்டில்களை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தான். அணி கோப்பை வென்றது. புகைப்படத்தில் ஓரத்தில் நின்று சிரித்தான்.

அதே மாதம் எங்கள் ஊர் அணியில் இருந்திருந்தால் வாரம் இரண்டு ஆட்டம், ஆட்டத்துக்கு மூன்று முறை மட்டை, களத்தில் பந்து அதிகம் வரும் ஷார்ட்ஸ்டாப் இடம். கணக்குப் போட்டுப் பார்த்து அழுதேன். அடுத்த வருடம் இன்னொரு கிளப்பின் டபுள்-ஏ அணிக்கு மாற்றினோம். எல்லா ஆட்டத்திலும் ஆடுகிறான். எழுத்து இறங்கியது, பிள்ளை ஏறினான். கல்லூரி கோச்சுகள் பார்க்கத் தொடங்குவது உயர்நிலைப் பள்ளியில். பதினோரு வயதுக் கோப்பையை அங்கே யாரும் கேட்பதில்லை.

நெல்லைச்சீமை அண்ணா, அந்தக் கிளப்பில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: பன்னிரண்டாவது பையன் ஒரு வார இறுதியில் எத்தனை முறை மட்டை பிடிப்பான்? பதில் சொல்லாமல் கோப்பைகளைக் காட்டினால் எழுந்து வந்துவிடுங்கள்.

நெல்லைச்சீமை (நியூஜெர்சி)

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். எல்லோருக்கும் நன்றி. மதுரைக்காரன் தம்பி சொன்னபடி கையில் பேனாவோடு போய் உட்கார்ந்து பார்த்தேன்.

எங்கள் ஊரில் கோடைப் பயிற்சி: பன்னிரண்டு பிள்ளைகள், ஒரு தந்தை, ஒரு வாளி பந்து. நல்ல மனிதர், வேலை முடித்து டையைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தார். ஒரு மணி நேரத்தில் என் மகன் எடுத்த தரைப்பந்து ஆறு. அடித்தது பத்து. நண்பரின் மகனுடைய கிளப்: மூன்று கோச், மூன்று மூலையில் மூன்று வேலை. ஒவ்வொரு பையனுக்கும் நாற்பது தரைப்பந்துக்குக் குறையாது. அதை மறைத்து எழுத எனக்கு மனம் வரவில்லை. அங்கே பிள்ளைகள் நிற்பதே இல்லை.

ஆனால் மாலதி சகோதரியின் கேள்வியைக் கேட்டேன். “அது ஆட்டத்தின் போக்கைப் பொறுத்தது” என்றார்கள். நோட்டைக் காட்டினேன். “எங்கள் அணியில் இருக்கும்போது ஊர் லீகில் வீச விடாதீர்கள்” என்றார்கள். அதாவது பந்தைக் குறைத்து மிச்சம் பிடிக்க வேண்டியது ஊர் லீக், அவர்கள் இல்லை.

பக்கத்து ஊரில் ஒரு 10-யூ டபுள்-ஏ அணி இருப்பது தெரிந்து அங்கேயும் போனேன். இரண்டு கோச். பதினொரு பையன்கள், எல்லோரும் வரிசையாக மட்டை பிடிக்கிறார்கள், ஒன்பது பேர் என்ற கணக்கு இல்லை. கோச் நோட்டை வாங்கி, தன் போனில் படம் எடுத்துக்கொண்டார். இலையுதிர் காலத்தில் அவர்களோடு, வசந்தத்தில் மறுபடி எங்கள் ஊர் மேஜர்ஸுக்கு முயற்சி என்று முடிவு செய்திருக்கிறோம்.

மகனிடம் இரண்டு ஏணிக் கதையைச் சொன்னேன். கேட்டுவிட்டு, “அப்படியென்றால் அவன் வேறு டிரிபிள்-ஏ” என்றான். பிறகு கொல்லைப்புறத்தில் போய் 46 அடியைக் காலடி வைத்து அளந்து, 40 அடியில் ஒரு கோடு போட்டு, அங்கிருந்து என்னை வீசச் சொன்னான். கிட்டேயிருந்து வந்தால் வேகமாகத் தெரியும் என்பது அவன் கணக்கு. தினமும் ஐம்பது பந்து வீசுகிறேன். நேற்று பதினேழில் மட்டை பட்டது.

சனிக்கிழமை அந்த டபுள்-ஏ அணியில் ட்ரைஅவுட்.

பிளேட் நடுவர் (பென்சில்வேனியா)

வாழ்த்துகள். புறப்படுமுன் மட்டையின் கழுத்தில் இருக்கும் முத்திரையைப் பாருங்கள். 2018 ஜனவரி முதல் லிட்டில் லீகில் யு.எஸ்.ஏ. பேஸ்பால் முத்திரை உள்ள மட்டைதான் செல்லும், யு.எஸ்.எஸ்.எஸ்.ஏ. முத்திரை மட்டை டிராவலில் செல்லும், ஊர் லீகில் செல்லாது. போன மாதம் ஒரு பையன் பிறந்தநாளுக்கு வாங்கிய புது மட்டையோடு வந்தான், பிளாஸ்டிக் உறைகூட முழுதாகக் கிழிக்கவில்லை. வேலியோரம் வரிசையாக வைத்த மட்டைகளில் அதை நான் தனியே எடுத்து வைக்க வேண்டியிருந்தது. இரண்டு இடத்திலும் ஆடப் போகிறான் என்றால் இப்போதைக்கு யு.எஸ்.ஏ. முத்திரை மட்டை ஒன்றே போதும். அந்தக் கோச்சிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.